11 மாதம் அடையாளம் தெரியாமல் கிடந்த படர்தாமரை

இதை எழுத எனக்கு இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. அந்தக் கூச்சத்தால் போனது 11 மாதமும் ஏறக்குறைய நான்கு மாதச் சம்பளமும். கன்னத்தில் ஒரு தையல் தழும்பும் தொடையில் அழியாத சில கோடுகளும் மிச்சம். இத்தனைக்கும் எனக்கு வந்தது படர்தாமரை. முதல் வாரமே சரியாகக் காட்டியிருந்தால் அன்றைக்கே பெயர் சொல்லியிருப்பார்கள். அப்போது வேலைக்காகத் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தேன். யாரிடமும் காட்டவில்லை, யாரிடமும் கேட்கவில்லை. யாராவது ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதா என்று ஏங்கிய விஷயங்களைத்தான் இங்கே நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

வலது தொடையின் உள்பக்கம் நகத்தளவில் ஒரு சிவப்பு. ஒரு வாரத்தில் அது வட்டமாக விரிந்தது. ஓரம் மட்டும் தடித்துச் சிவந்து செதில் செதிலாக உரிந்தது, நடுவில் தோல் கிட்டத்தட்டப் பழையபடியே இருந்தது. ராத்திரியில் அரிப்பு தாங்க முடியாது. ஏதோ தோன்றி மொபைலில் ஒரு படம் எடுத்து வைத்தேன். பின்னால் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது அந்தப் படம்தான். மருந்துக்கடைக்குப் போய் "அரிப்புக்கு ஒரு ஆயின்மென்ட் கொடுங்க" என்றேன். எங்கே அரிப்பு என்று அவர் கேட்கவில்லை, கேட்காமல் விட்டாரே என்று எனக்கும் நிம்மதி. ஒரு டியூபைக் கையில் கொடுத்தார். போட்ட இரண்டாம் நாளே அரிப்பு அடங்கிவிட்டது. பத்து நாளில் சிவப்பும் மங்கியது. அந்தப் பத்து நாளும் நான் எவ்வளவு நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொன்னால்தான், அடுத்த மூன்று மாதம் ஏன் அதே டியூபை விடாமல் வாங்கினேன் என்பது உங்களுக்குப் புரியும்.

நிறுத்தி இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. இந்த முறை இரண்டு இடத்தில். மறுபடி போட்டேன், அடங்கியது. நிறுத்தினேன், இன்னும் அகலமாக வந்தது. அந்த டியூபில் மூன்று மருந்துகள் சேர்ந்திருந்தன: பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே வீரியமான ஒரு ஸ்டீராய்டு. தோல் சிவப்பதும் அரிப்பதும் உள்ளே நுழைந்த பூஞ்சையோடு நம் உடம்பு நடத்தும் சண்டையின் அடையாளம். ஸ்டீராய்டு அந்தச் சண்டையைத்தான் நிறுத்துகிறது. சத்தம் அடங்கியதும் நோய் போய்விட்டது என்று நினைக்கிறோம். பூஞ்சையோ தடுக்க ஆளில்லாமல் மேல்தோலில் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று பரவிக்கொண்டே இருக்கிறது. படர்தாமரைக்கு அடையாளமே அந்த வட்டமும் தடித்த ஓரமும்தான், அந்த ஓரமும் உடம்பின் எதிர்ப்பால் உண்டாவதுதான். எதிர்ப்பு போனதும் ஓரம் கரைந்துபோகிறது. கடைசியில் பார்ப்பவர் கண்ணுக்கு அது எக்ஸிமா போலவோ சொரியாசிஸ் போலவோ வெறும் சிவந்த திட்டு போலவோ தெரிகிறது.

இதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு என்பது ரொம்பப் பிந்தித்தான் எனக்குத் தெரிந்தது. டீனியா இன்காக்னிட்டோ, அதாவது மாறுவேடம் போட்ட படை. ஐவ், மார்க்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1968இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இந்தப் பெயரில் எழுதினார்கள். தோலில் தடவும் ஹைட்ரோகார்ட்டிசோன் பலன் தருகிறது என்று சல்ஸ்பர்கரும் விட்டனும் அறிவித்தது 1952இல். நடுவில் 16 வருடம்தான். மருந்து வந்த கையோடு அது நோயின் உருவத்தை மாற்றிவிடுவதையும் கவனித்து எழுதி வைத்துவிட்டார்கள். அவ்வளவு பழைய விஷயத்தில் போய் நான் மாட்டிக்கொண்டேனே என்று ரொம்ப நாள் வருந்தினேன்.

டியூபின் மேல் இருக்கும் பெயர்களைப் படிக்கப் பழகுங்கள், இதை முக்கியமாகச் சொல்கிறேன். பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன், டெக்ஸாமெத்தசோன் என்று "சோன்" என முடிந்தால் அனேகமாக ஸ்டீராய்டு. கிளோபெட்டசால் மிகவும் வீரியமான ஸ்டீராய்டு. கிளோட்ரிமசோல் பூஞ்சைக்கான மருந்து. இரண்டும் "கிளோ" என்றே தொடங்கும், அட்டையில் பொடி எழுத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் கண் ஏமாந்துவிடும். நான் பல வாரம் ஒன்றை இன்னொன்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டீராய்டு களிம்பு கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. எக்ஸிமாவுக்கும் சொரியாசிஸுக்கும் அது உண்மையிலேயே வரம். என்ன நோய் என்று தெரியாமல் தடவுவதுதான் ஆபத்து.

நான்காம் மாதம் இடுப்புவரை வந்துவிட்டது. பயந்து போய் முதல் மருத்துவரைப் பார்த்தேன். அவரிடமும் இடுப்பை மட்டும் காட்டினேன். சட்டையைக் கொஞ்சம் தூக்கி, ஒரு நிமிடம். அன்று காலையும் களிம்பு போட்டுக்கொண்டுதான் போயிருந்தேன். "ஏதாவது மருந்து போட்டீங்களா?" என்று அவர் கேட்டார். கடையில் நானாக வாங்கினேன் என்று சொன்னால் திட்டுவாரோ என்று "இல்ல டாக்டர்" என்றேன். அவர் பார்த்தது ஓரம் கரைந்த, செதில் குறைந்துபோன ஒரு சிவப்புத் திட்டு. எக்ஸிமா என்று சொல்லி இன்னும் வீரியமான ஸ்டீராய்டை எழுதிக் கொடுத்தார். அவர் மேல் எனக்குக் கோபம் உண்டு, செதிலைச் சுரண்டிச் சோதித்துப் பார்த்திருக்கலாமே என்று. ஆனால் நான் சொன்ன பொய்யும் அந்தச் சீட்டில் இருக்கிறது. தோல் மருத்துவரிடம் போகிற அன்று காலை களிம்பு எதுவும் தடவாமல் போங்கள். அதுவரை போட்ட டியூப்கள் எல்லாவற்றையும், காலியானதைக்கூட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வாயால் சொல்ல வெட்கமாக இருந்தால் அந்தப் பையை மேசையில் வைத்தாலே போதும்.

ஆறாம் மாதம் இடது கன்னத்தில் வந்தது. தொடையைச் சொறிந்த கையாலேயே முகத்தைத் தொட்டிருப்பேன், இல்லாவிட்டால் உடம்பு முழுவதையும் ஒரே துண்டால் துடைத்ததில் வந்திருக்கும். கையில் டியூப் இருந்ததால் அதையே கன்னத்திலும் தடவினேன். முகத்துத் தோல் மெல்லியது, மருந்தை ரொம்பச் சீக்கிரம் உறிஞ்சிக்கொள்ளும், அதனால் பாதிப்பும் சீக்கிரமே வரும். ஒரே மாதத்தில் மெல்லிய சிவப்பு நரம்புகள் போல ரத்தநாளங்கள் வெளியே தெரிய ஆரம்பித்தன. வெயிலில் நின்றால் கன்னம் தீயாக எரியும். வேலை செய்யும் இடத்தில் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர்களின் கண் கன்னத்தில் போய் நிற்கும். நான் மறுபக்கம் திரும்பி உட்காரப் பழகிக்கொண்டேன்.

இரண்டாவது மருத்துவர் பொறுமையானவர். வெயிலில் அதிகமாகிற கன்னச் சிவப்பு என்றதும் அவருக்கு லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிற நோய், இருக்குமோ என்று சந்தேகம் வந்தது. அது நியாயமான சந்தேகம்தான். முகத்தில் வருகிற படர்தாமரை லூபஸ் போலவும் ரோசேசியா என்கிற முகச்சிவப்பு நோய் போலவும் தோன்றி ஏமாற்றும், வெயில் பட்டால் அதுவும் எரியும். அவர் கேட்டார், "உடம்புல வேற எங்கயாவது இருக்கா?" நான் இல்லை என்றேன். கன்னத்துக்கும் தொடைக்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்கு நிஜமாகவே தோன்றவில்லை. அப்படியே தோன்றியிருந்தாலும் அன்று சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

லூபஸ் சந்தேகம் வந்தால் பார்க்கிற ஏ.என்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையில் 1:80 பாசிட்டிவ் என்று வந்தது, அதாவது ரத்தநீரை 80 மடங்கு நீர்த்த பிறகும் பாசிட்டிவ். அந்தத் தாளை வாங்கிய நாளிலிருந்து மூன்று வாரம் நான் தூங்கவில்லை. இணையத்தில் லூபஸ் பற்றி விடிய விடியப் படித்தேன். சிறுநீரகம், இதயம், மூளை என்று ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு நெஞ்சில் கை வைத்துத் துடிப்பை எண்ணிக்கொண்டு படுத்திருப்பேன். அம்மா போன் செய்தால் "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லி வைத்துவிடுவேன். அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அன்றே தெரிந்திருந்தால் இத்தனை பயந்திருக்க மாட்டேன். பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து 1997இல் வெளியிட்ட ஆய்வில், நோய் எதுவும் இல்லாத ஆட்களிலேயே சுமார் 13 சதவீதம் பேருக்கு 1:80 அளவில் பாசிட்டிவ் வந்தது, 1:160 அளவில் 5 சதவீதம் பேருக்கு. ஏ.என்.ஏ. தாளை வைத்து மட்டும் லூபஸ் என்று முடிவு கட்ட முடியாது. உங்களுக்கும் இப்படி ஒரு தாள் வந்தால், இணையத்தைத் திறக்கும் முன் "இந்த அளவு எத்தனை ஆரோக்கியமான ஆட்களுக்கு வரும்?" என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்.

அப்புறம் கன்னத்தில் பயாப்சி. மரத்துப்போக ஊசி போட்டு, பென்சில் முனை அளவில் வட்டமாகத் தோலை எடுத்து, ஒரு தையல். முடிவில் "குறிப்பிட்டுச் சொல்ல முடியாத தோல் அழற்சி" என்ற வகையில் ஒரு வரி. லூபஸுக்கான அறிகுறி இல்லை. சந்தோஷப்படுவதா, இத்தனை செலவழித்தும் பெயர் தெரியவில்லையே என்று அழுவதா என்று தெரியவில்லை. பழைய களிம்பையே தொடர்ந்தேன். ஒன்பதாம் மாதம் தொடையில் மயிர்க்கால்களைச் சுற்றிக் கட்டிகட்டியாகக் கிளம்பியது, சிலவற்றில் சீழ். உட்கார்ந்து எழுந்தாலே வலி. மருந்துக்கடையில் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கி ஒரு வாரம் விழுங்கினேன், துளி பலனில்லை. அரிப்புக்கு ஒரு களிம்பு என்று ஆரம்பித்தது, கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது போல ஆகிவிட்டது.

பதினோராம் மாதம் ஒரு போதனா மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போனேன். வரிசையில் நின்று சீட்டு வாங்கி, மதியம்வரை காத்திருந்து பார்த்தது வயதான ஒரு பெண் மருத்துவரை. கன்னத்தைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் எழுந்து திரையை இழுத்துவிட்டு, "ஆடைய மாத்திட்டுப் படுங்க, உடம்பு முழுக்கப் பார்க்கணும்" என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் என்னைக் காப்பாற்றியது. தொடையைப் பார்த்தவர் முகம் சுளிக்கவில்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்து, திட்டின் வெளி ஓரத்தில் விரலை வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். இடுப்புக்குப் பின்பக்கம், என் கை எட்டாத, களிம்பு சரியாகப் படாத ஓரிடத்தில் நிறுத்தினார். அங்கே ஒரு விரற்கடை நீளத்துக்கு அந்தப் பழைய தடித்த ஓரம் வளைவாக அப்படியே இருந்தது. "இதுல என்னவெல்லாம் போட்டீங்க? மறைக்காம சொல்லுங்க" என்றார். சொன்னேன், எல்லாவற்றையும். சொல்லி முடிக்கும்போது தொண்டை அடைத்துவிட்டது.

ஒரு பிளேடின் முனையைச் சாய்த்து அந்த ஓரத்தைச் சுரண்டினார். வலிக்கவே இல்லை. மாவு போல வெள்ளையாகச் செதில் கண்ணாடித் தகட்டில் உதிர்ந்தது. அதன் மேல் ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல், மேலே ஒரு சின்னக் கண்ணாடி மூடி. அந்தக் கரைசல் தோலின் கெரட்டினைக் கரைத்துவிடும், பூஞ்சையைக் கரைக்காது. கொஞ்ச நேரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர் என்னையும் கூப்பிட்டார். மங்கலான தோல் செல்களுக்கு நடுவே கண்ணாடி நூல் போல நீளமாக, குறுக்கே தடுப்புத் தடுப்பாக, கிளை பிரிந்து ஓடிக்கொண்டிருந்தது பூஞ்சை. ஒன்றிரண்டு இல்லை, வலை பின்னியது போல. ஸ்டீராய்டு போட்ட இடத்தில் இப்படித்தான் ஏராளமாக இருக்கும் என்றார். கன்னத்துச் செதிலிலும் அதே நூல். 11 மாதமாக நான் தேடிய பதில் அரை மணி நேரத்தில் கிடைத்தது. என் செலவுகளிலேயே மிகக் குறைந்தது இந்தச் சோதனைதான். அதனால் சொல்கிறேன், மாதக்கணக்கில் போகாத, போய்ப் போய்த் திரும்பி வருகிற எந்தத் திட்டுக்கும் "ஓரத்தைச் சுரண்டிப் பூஞ்சை இருக்கான்னு பார்க்கலாமா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். பூஞ்சைக்கான களிம்பு தடவியிருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அது முடிவை மாற்றிவிடக்கூடும்.

இன்னொன்றும் அன்று கற்றுக்கொண்டேன். பயாப்சி எடுத்த தோலை மெழுகுக் கட்டியில் பதித்து ஆய்வகத்தில் பத்திரமாக வைத்திருப்பார்கள். புதிதாக வெட்டாமலே அதிலிருந்து இன்னொரு சீவல் எடுத்து வேறு சாயம் போட்டுப் பார்க்க முடியும். அந்த மருத்துவர் கடிதம் கொடுத்து என் கன்னத்து மெழுகுக் கட்டியை வரவழைத்தார். பி.ஏ.எஸ். என்ற சாயம் போட்டதும் தோலின் மேலடுக்கில் கருஞ்சிவப்பாகப் பூஞ்சை இழைகள் தெரிந்தன. வழக்கமான சாயத்தில் அவை கண்ணுக்கு எளிதில் தப்பிவிடுமாம். நான் லூபஸ் என்று விழித்துக்கிடந்த இரவுகளில், பதில் அந்த மெழுகுக் கட்டிக்குள் கிடந்திருக்கிறது. உங்கள் பயாப்சி தெளிவில்லாமல் வந்தால் மெழுகுக் கட்டியையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கி இன்னொருவரிடம் காட்டலாம்.

தொடையில் வந்த கட்டிகளுக்கும் பெயர் இருந்தது, மஜோக்கி கிரானுலோமா. பூஞ்சை மயிர்க்கால் வழியாகத் தோலுக்குள் இறங்கிவிட்ட நிலை. தடவும் மருந்து அங்கே போய்ச் சேராது, மாத்திரைதான். கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு இட்ராகோனசோல் கொடுத்தார். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்றும் துருவிக் கேட்டார், அது பல மருந்துகளோடு மோதுமாம். ஸ்டீராய்டை நிறுத்தியதும் முதல் இரண்டு வாரம் நரகம். கன்னம் வீங்கி எரிந்தது, தொடையில் பழைய வட்டங்கள் ஒவ்வொன்றாக ஓரத்தோடு மேலே வந்தன. முன்பே எச்சரித்திருந்ததால் தாக்குப்பிடித்தேன், இல்லாவிட்டால் அந்த டியூபை மறுபடி எடுத்திருப்பேன். உடம்பில் பெரிய பரப்பில் வெகுநாள் ஸ்டீராய்டு தடவியவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் திடீரென நிறுத்த வேண்டாம். மூன்றாம் வாரம் அரிப்பு நின்றது. மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டதற்கு, "அரிப்பு நின்னா போச்சுன்னு நம்பித்தானே இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்றார். மொத்தம் எட்டு வாரம் சாப்பிட்டேன். துண்டைத் தனியாக வைத்தேன், உள்ளாடைகளை நன்றாகக் காயவைத்துப் போட்டேன். திட்டு மறைந்த பிறகும் பூஞ்சைக் களிம்பை ஓரத்துக்கு வெளியே இரண்டு விரல் அகலம் சேர்த்துத் தடவினேன்.

குணமாகிவரும்போது அவர் ஒன்று கேட்டார். பிரிவின் வாராந்திரக் கூட்டத்தில் என்னைக் காட்டலாமா, பிறகு மருத்துவ இதழில் எழுதலாமா என்று. மறுத்தாலும் சிகிச்சையில் ஒரு மாற்றமும் இருக்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். வழக்கத்துக்கு மாறாக வருகிற நோய்கள் பெரும்பாலும் இப்படி ஒரு நோயாளியின் கதையாகத்தான் முதலில் பதிவாகின்றன. ஒத்துக்கொண்டேன். கூட்டத்தில் இளம் மருத்துவர்கள் ஒவ்வொருவராக வந்து, அனுமதி கேட்டு, ஓரத்தைப் பார்த்தார்கள். ஒரு வருடமாக யாருக்கும் காட்டாத இடம். வெட்கம் முதல் நான்கு பேர் வரைதான் இருந்தது.

ஒப்புதல் படிவத்தில் மட்டும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். படங்கள் இணையத்தில் வரும், வெளிவந்த பிறகு திரும்பப் பெற முடியாது என்று அதில் இருந்தது. கண்ணை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைத்தால் ஆளை மறைத்ததாக ஆகாது, மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழுவே அப்படித்தான் சொல்லியிருக்கிறது. என் கன்னத்தில் ஒரு மச்சம் உண்டு, தெரிந்தவர்கள் அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த இடத்தை வெட்டிவிடச் சொன்னேன், வெட்டினார்கள். அச்சுக்குப் போகும் முன் நீங்களே ஒருமுறை படங்களைப் பார்க்கக் கேளுங்கள்.

இப்படிப்பட்ட கட்டுரைகளுக்கு 2013இல் வந்த கேர் என்ற நெறிமுறையில், கால வரிசையும் நோயாளியின் பார்வையும் இடம்பெற வேண்டும் என்று இருக்கிறது. கால வரிசைக்கு என் மொபைலில் தேதியோடு இருந்த படங்களைக் கொடுத்தேன். முதல் வாரத்து அந்த வட்டம்தான் முதல் படம். நோயாளியின் பார்வைக்கு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, உங்களுக்குத் தோன்றியதை எழுதுங்கள் என்றார். ரொம்ப நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் முதல் வரியை எழுதினேன்: "இரண்டாவது மருத்துவர் வேறு எங்காவது இருக்கிறதா என்று கேட்டார். நான் இல்லை என்று சொன்னேன்."